முதல் கஸ்டமர்

நவம்பர் நான்காம் தேதி, புறவழிச்சாலையை ஒட்டிய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், வீட்டு அலாரம் விற்பவர் ஒருவருக்காக இணையப் பக்கம் தயாரானது. அலாரம் வாங்க நினைப்பவர்கள் விற்பனையாளரைச் சந்திக்கும் நேரத்தை அதில் தாங்களே குறித்துக்கொள்ளலாம்.

“வீட்ல ஆள் இருக்கிற நேரத்தை மட்டும் கேட்டாப் போதாதா சார்?” என்றான் பக்கத்தை அமைத்தவன்.

“இல்லாத நேரத்தையும் கேளுங்க தம்பி. எங்க ஆளுங்க பூட்டின வீட்டு முன்னாடி போய் நின்னு முழிக்கக் கூடாதுல்ல.”

அவன் சிரித்தபடி அந்தக் கேள்வியையும் சேர்த்தான். சோதித்துப் பார்க்கத் தன் வீட்டு விவரத்தையே போட்டான். அலாரம் வைக்கச் சொல்லி மனைவி ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். ஆள் இருப்பது ஞாயிறு காலை. இல்லாதது வியாழன் மதியம்.

“பாத்தீங்களா, முதல் கஸ்டமரே நான்தான்.”

“அப்ப உங்க வீட்டுக்குத்தான் முதல்ல வருவோம்,” என்றார் அவர்.

வியாழன் மாலை மனைவி அழைத்தாள்.

“ஏங்க, பூட்டு உடைஞ்சு கிடக்கு. பீரோல இருந்ததையெல்லாம் வழிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. எத்தனை தடவை சொன்னேன்? அந்த அலாரம்காரரை இன்னைக்கே வரச் சொல்லுங்க.”

அழைத்தான். அந்த எண் உபயோகத்தில் இல்லை. அவன் அமைத்த இணையப் பக்கத்தில் அதற்குள் நாற்பது வீட்டுக்காரர்கள் நேரம் குறித்திருந்தார்கள்.