ஓசிக் கரண்ட்

“லாரி எங்கம்மா?” என்று கரண்ட் ஆபீஸ் சார் கேட்டார்.

நேற்று வரை இங்கேதான் நின்றது. ராமமூர்த்தியின் கிணற்றுத் தண்ணீரை ஏற்றிக்கொண்டு, தோல் பதனிடுகிற ஷாப்புக்குப் போனது. மோட்டாருக்கு, விவசாயத்துக்கென்று அரசாங்கம் சும்மா தருகிற கரண்ட். அந்தத் தண்ணீரில்தான் தோலைக் கழுவுகிறார்கள். கழுவினது காப்பி நிறத்தில் எங்கள் கிணற்றுக்கு வருகிறது.

மனு எழுதினது நான். மொட்டை மனு இல்லை. பேர் போட்டு, பக்கத்தில் பி.எஸ்சி. என்றும் போட்டேன். எங்கள் தெருவில் அதைப் போட்டுக்கொள்ள வேறு ஆள் கிடையாது.

இன்று லாரி இல்லை. லாரி நின்ற இடத்தை உழுது, சேறாக்கி, நாற்று நட்டிருந்தார்கள். எந்த ஊர் நாற்றோ.

நடுவில் ஒருவர் குனிந்து மடை திருப்பிக்கொண்டிருந்தார். தலையில் துண்டு. முதுகு எங்கள் பக்கம்.

“விவசாயம் பண்றவன் வயித்துல அடிக்கணும்னே யாரோ எழுதிப் போட்டுட்டாங்க சார்” என்றார் ராமமூர்த்தி. யாரோவாம். பேர் தெரிந்துதான் சொன்னார்.

சார் நல்ல மாதிரி. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏதாச்சும் ஒண்ணு காட்டும்மா. இப்பவே ஃபியூஸைப் புடுங்கிட்றேன்” என்றார்.

காட்ட ஒன்று இருந்தது. மடையில் இருந்தவர் குனிந்தபடியே வரப்பில் தூக்கி வைத்த கால்.

வெளுத்து, விரலிடுக்கு வெடித்து, ஓரமெல்லாம் அரித்துப் போன கால். சேறு அப்படிச் செய்யாது. சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டுகிறவர்களுக்குத்தான் அப்படி ஆகும்.

இவர் விவசாயி இல்லை சார், தோல் ஷாப்பு ஆள், இன்றைக்கு மட்டும் கூலிக்கு நிறுத்தியிருக்கிறார்கள். இவ்வளவு சொன்னால் போதும். மோட்டார் நின்றுவிடும்.

ராமமூர்த்தி சிரித்தபடி வந்தார். “படிச்ச பொண்ணு சார். அவரு விவசாயியா இல்லியான்னு பாப்பாவையே கேளுங்க.”

சார் கேட்டார்.

என் வாய்க்கு இந்த ஊரில் பேர் உண்டு.

“விவசாயிதான் சார்.”

ஜீப் போனது. ராமமூர்த்தி செல்லை எடுத்து யாரையோ வரச் சொன்னார்.

மடையில் நின்றவர் அப்போதுதான் நிமிர்ந்தார். அவருக்கு மனுவும் தெரியாது, சார் எதற்கு வந்தார் என்பதும் தெரியாது. வயல் வேலை என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஊரில் இத்தனை பேர் இருக்க, இவரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

“நீ இன்னாத்துக்கும்மா வெயில்ல நிக்கிற?” என்றார் அப்பா. முகமெல்லாம் சிரிப்பு. “மம்மட்டி புடிச்சு எத்தினி வருஷமாச்சு. இனிமே இங்க நெல்லுதானாம், ஐயா சொல்றாரு.”

ரோட்டிலிருந்து லாரி திரும்பியது. பின்பக்கமாகவே, பழகின இடத்துக்கு வந்தது.

அப்பா மண்வெட்டியோடு குறுக்கே ஓடினார்.

“டேய், பாத்து வாடா. நாத்து இருக்குது.”