முடியாது என்று சொல்ல வந்தவள்

"இந்தக் கிழவியை இனிமே ஒரு நாள்கூட என்னால வெச்சுக்க முடியாது சார்!"

மகள் பஸ் கண்டக்டர். விசில் இல்லாமலே வண்டியை நிறுத்துகிற குரல். அவள் போட்ட சத்தத்தில் விசா அலுவலகத்தின் கூரை ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தது என்றால் நம்புங்கள்.

பக்கத்து நாற்காலியில் அம்மா, அடி வாங்கிய குழந்தை மாதிரி விழித்தாள்.

எதிரே இருந்த அதிகாரிக்கு அலுவலகத்தில் 'கருங்கல்' என்று பெயர். அவருக்கு வேண்டியதே இந்த 'முடியாது'தான். வெளிநாட்டில் இருக்கும் மகனோடு போய்க் குடியேற வேண்டுமானால், தாய்க்கு இங்கே வேறு ஆதரவு இருக்கக் கூடாது. அந்த நாட்டுச் சட்டம் அப்படி. மகள் என்று ஒருத்தி இருந்தால், அவள் நேரில் வந்து கைவிரிக்க வேண்டும்.

போன தடவை இதே அறையில், "என் பொண்ணை விட்டுட்டு எங்கயும் போகமாட்டேன்" என்று சண்டித்தனம் பண்ணி எழுந்து போனவள்தான் இந்த அம்மா.

"காரணம்?" என்றார் கருங்கல்.

"ஒண்ணா ரெண்டா? இது விடற குறட்டைக்குப் பயந்து, தெரு நாயெல்லாம் அடுத்த தெருவுக்குக் குடி போயிடுச்சு!"

"நானாடி குறட்டை விடறேன்?"

"சமையலோ வாயில வைக்க முடியல. உப்புமில்ல, உறைப்புமில்ல!"

"அடிப்பாவி! உடம்பு இளைக்கணும், எனக்கு உப்பே போடாதேன்னு நீதானேடி சொன்னே? உனக்குன்னு தனியா வடிச்சுக் கொட்டறேனேடி!"

மகள் முழங்கை வரை ஏறிப்போன வளையலை இறக்கிவிட்டபடி, "சனியன் எப்ப தொலையும்னு இருக்கு" என்றாள், சுவரைப் பார்த்து.



"நீங்க என்னம்மா சொல்றீங்க?" கருங்கல் அம்மாவிடம் திரும்பினார்.

"போறேன்யா. வேண்டாம்ங்கறவ வீட்ல எனக்கென்ன வேலை? இனி செத்தாலும் இவ மூஞ்சியில முழிக்கமாட்டேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மா வெளியே போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கருங்கல் பேனாவை வீசி எறிந்தார். சர்வீஸிலேயே முதல் தடவையாக அவருக்கு நெஞ்சு கொதித்தது.

"நீயெல்லாம் ஒரு பொண்ணாம்மா? பெத்தவளை இப்படி அழவெச்சா அனுப்பறது? எனக்கே உடம்பு முடியல, என்னால பார்த்துக்க முடியாதுன்னு ஒரு பொய் சொல்லியிருந்தாக்கூட சட்டத்துக்குப் போதுமே!"

மகள் கதவைப் பார்த்தாள். நன்றாகச் சாத்தியிருந்தது. பஸ்ஸையே நிறுத்துகிற அந்தக் குரலில் இப்போது வெறும் காற்றுதான் வந்தது.

"அது பொய்யில்ல சார். தெரிஞ்சா அம்மா போகமாட்டாங்க."