பெரிய நன்மை

"பதிலுக்கு அடிக்க ஒனக்கு உரிமை இருக்கு ஜுலைகா. ஒரு அடிக்கு ஒரு அடி, அதுக்கு மேல கூடாது. ஆனா மன்னிச்சுட்டா அல்லாகிட்ட பெரிய நன்மை."

மறுநாள் ஹஜ்ஜுக்குப் புறப்படும் தாராவி தோல்பைப் பட்டறை முதலாளி மைதீன் பிச்சை, அத்தர் மணக்க உபதேசித்தார். முப்பது தையல்காரர்களும் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"அம்புட்டு நன்மையா மொதலாளி?"

"பின்னே? சொர்க்கமே கெடைக்கும்."

"அத நான் எடுத்துக்கிட்டா நல்லாவா இருக்கும்? ஹஜ்ஜுக்குப் போறது நீங்கல்லா!"

ஜுலைகா எழுந்து அவர் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தாள். போன வாரம், ஒரு தையல் கோணியதற்காக, இதே பட்டறையில், இத்தனை பேர் முன்னால் அவர் அவளுக்கு வைத்ததற்குச் சரியாக ஒன்று.

"இப்போ நீங்க மன்னிச்சிருங்க மொதலாளி. நன்மை பூரா ஒங்களுக்கே."