சிமெண்ட் மூட்டை

"அது காலாய்யா? ரெண்டு சிமெண்ட் மூட்டையைக் கட்டிவிட்ட மாதிரி ஓடறான்."

காபி ஊற்றிக்கொண்டிருந்த லொரெய்னின் கை அப்படியே நின்றது.

மிசிசிப்பியின் ஒரு சின்ன ஊர். கல்லூரி மைதானத்துக்கு எதிரே உள்ள உணவகத்தில் காலை ஏழு மணி. ஜன்னலோர மேஜையில் இருவர். தொழில்முறை அமெரிக்க ஃபுட்பாலில் வெவ்வேறு அணிகளுக்கு ஆள் பார்க்கிறவர்கள். பெண் பார்க்கப் போகிறவர்களாவது ஜாதகத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர்கள் எடை, உயரம், உள்ளங்கை அகலம் வரைக்கும் அளந்து எழுதிக்கொள்வார்கள். இன்று பத்து மணிக்கு மைதானத்தில் அளவெடுப்பு.

அளவு கொடுக்கப் போகிறவன் டெஸ்மண்ட். கல்லூரி அணியில் லைன்பேக்கர். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு பாய்ந்து வருகிறவனைக் குறுக்கே போய்ச் சாய்ப்பது அவன் வேலை. லொரெய்னின் ஒரே மகன். அது இந்த இருவருக்கும் தெரியாது.

"அவன் உடம்பைத் திருப்பறதுக்குள்ள எதிராளி கோட்டைத் தாண்டி, குளிச்சு முடிச்சு, வீட்டுக்கே போயிடுவான்," என்றார் தடித்தவர். பெயர் டோலன்.

"அப்படிச் சொல்லாதே டோலன்," என்றார் எதிரே இருந்த வெள்ளைமுடிக்காரர் வெண்டல். "தங்கமான பையன். பந்து எந்தப் பக்கம் வரும்னு மோப்பம் பிடிச்சுடறான். இப்படி ஒருத்தனைப் பார்த்துப் பத்து வருஷம் ஆச்சு."

"நீங்க கண்ணாடி மாத்தியும் பத்து வருஷம் ஆச்சு."

லொரெய்ன் சமையலறை ஜன்னலுக்குப் போனாள்.

"அடியே ஓப்பல், வெள்ளைமுடி சாருக்கு இன்னொரு முட்டை போடு. பேக்கனும் கூட ரெண்டு துண்டு வை."

"தடியனுக்கு?"

"அடிப்பிடிச்சது ஏதாவது இருக்கா?"

"நேத்து ரொட்டி இருக்கு. ஆளை அடிக்கலாம்."

"அதையே குடு."

திரும்பி வந்தபோதும் டோலன் ஓயவில்லை. "எங்க லிஸ்ட்டுல அவன் பேரே கிடையாது. நான் வந்ததே இந்தக் கடை சோளக்கஞ்சிக்காகத்தான்."

லொரெய்ன் ரொட்டித் தட்டை மேஜையில் வைத்தாள். வைத்தாள் என்பதைவிடப் போட்டாள் என்பதுதான் சரி.

வெண்டல் சாப்பிட்டு முடித்து, அவளைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார். "அந்தப் பையனை விட்டுடாதே டோலன். பின்னாடி வருத்தப்படுவே."

இதற்கு மேல் லொரெய்னால் பொறுக்க முடியவில்லை. நேரே டோலன் முன்னால் போய் நின்றாள்.

"சார், ஒரு விஷயம்."

"சொல்லுங்கம்மா."

"அந்தச் சிமெண்ட் மூட்டை என் வயித்துல பொறந்தது."

டோலனின் முகம் வெளுத்தது. கழுத்தை நீட்டி ஜன்னல் வழியே பார்த்தார்.

"வெண்டலோட கார் போயிடுச்சா?"

"நான் என் பிள்ளையைப் பத்திப் பேசறேன். நீங்க காரைக் கேக்கறீங்க."

"போயிடுச்சான்னு சொல்லுங்க முதல்ல."

"போயிடுச்சு."

"உக்காருங்கம்மா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க பையன் எங்களுக்கு வேணும். கண்டிப்பா வேணும்."

"வேணுங்கற பையனையா இவ்வளவு நேரம் காறித் துப்பினீங்க?"

"வேணுங்கறவனைத்தாம்மா திட்டணும். முப்பத்திரண்டு அணி வரிசையில நிக்குது. ஒவ்வொரு சுற்றுலயும் அணிக்கு ஒருத்தனா எடுத்துட்டுப் போவாங்க. நல்லவன்னு நான் வாய்விட்டேன்னா, எங்க முறை வர்றதுக்குள்ள எவனாவது கொத்திட்டுப் போயிடுவான்."

"அப்போ அந்தப் பெரியவர்? தங்கம்னாரே."

"அவர் அணிக்கு வேண்டாம்னு கழிச்ச பையனைத்தான் அவர் புகழுவார். அடுத்தவன் தலையில கட்டணுமில்ல."

லொரெய்னுக்கு அந்த முட்டையைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று இருந்தது.

"உங்க ரெண்டு பேர்ல யார் பேசறது பொய்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

டோலன் தன் இடது கையை மேஜைமேல் வைத்தார். "அக்டோபர்ல அவனுக்கு இந்தச் சுண்டுவிரல் உடைஞ்சுது. பக்கத்து விரலோட சேர்த்து டேப் ஒட்டிக்கிட்டு ஆறு ஆட்டம் ஆடினான். கோச்சுக்கே தெரியாது. அவன் ஆடினது அத்தனையும் வீடியோவுல நாலு நாலு தடவை போட்டுப் பார்த்திருக்கேன். இல்லேன்னா எனக்கும் தெரிஞ்சிருக்காது."

அந்த விரலைத் தினமும் ஒட்டிவிட்டவள் லொரெய்ன்தான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று மகன் சத்தியம் வாங்கியிருந்தான். பெற்றவளுக்கு மட்டும் தெரிந்ததை இந்த மனிதர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவள் கண் கலங்கிவிட்டது.

"மூணாவது சுற்று வரைக்கும் யாரும் அவனைத் தொடாம இருந்தா போதும்மா, கூட்டிட்டுப் போயிடறோம். அதுவரைக்கும் நீங்களும் மூச்சு விடாதீங்க."

லொரெய்ன் ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல் சுற்றுலயே யாராவது எடுத்தா என்ன சார் வித்தியாசம்?"

டோலன் கரண்டியை எடுத்துக் காபியைக் கலக்கினார். அதில் சர்க்கரையும் இல்லை, பாலும் இல்லை.

"சம்பளம் கொஞ்சம் கூட வரும்."

"கொஞ்சம்னா?"

"ரெண்டு மடங்கு. மூணுகூட இருக்கலாம்."

அப்போது கதவு திறந்தது. நான்கு பேர் நுழைந்தார்கள். தலையில் ஆளுக்கொரு அணியின் தொப்பி, கழுத்தில் ஸ்டாப்வாட்ச்.

லொரெய்ன் மெனு அட்டைகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கடை முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினாள்.

"வாங்க சார், டெஸ்மண்டைப் பார்க்க வந்தவங்கதானே? சீக்கிரம் சாப்பிட்டுட்டு ஓடுங்க. அதோ அந்த சார் அவனை மூணாவது சுற்று வரைக்கும் ஒளிச்சுவைக்கப் பார்க்கறார்."