பேச்சுக்கு ஓர் ஆள்

"என்னது, ரோபோவா? எங்க வீட்டு வாஷிங் மெஷினே பாதித் துணியில நின்னுடுது. பச்சப் புள்ள காதுல போய் மெஷினை விடுறேங்கறீங்களே, இது நல்லாவா இருக்கு?"

எதிர்வீட்டு வாசலில் நின்று கேட்டது ரேடியோ அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; அதைக் குடியிருப்பில் யாரும் உபயோகித்ததில்லை. முதல் மாடியில் பால் பொங்கினால் மூன்றாம் மாடிக்கு அக்கா மூலம் சேதி போய்விடும்.

குட்டிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவள் அம்மா அச்சகத்தில் பிழை திருத்துபவள். உபரிச் சொல்லைக் கண்டால் அடித்துவிடும் தொழில் என்பதால் பேச்சிலும் சிக்கனம்.

"டாக்டர் பக்கத்துலயே இருப்பாருக்கா. உள்காது நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருக்குமாம். அதுக்குள்ள முடி மாதிரி ஒரு கம்பியை ரொம்ப ரொம்ப மெதுவா தள்ளணும். அவ்வளவு மெதுவா மனுஷக் கையால முடியாதாம். நடுங்கிடும்."

அவள் ஒரு வருடத்தில் பேசியதைவிட அது அதிகம்.

ஆபரேஷன் முடிந்து, இரண்டு வயதுக் குட்டி தலையில் கட்டோடு வீடு வந்தாள். மறுநாளே அக்கா ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, குட்டியின் முதுகுக்குப் பின்னால் நின்று பலமாகக் கைதட்டிப் பார்த்தாள். குட்டி திரும்பவில்லை. சாயங்காலத்துக்குள் நான்கு மாடிக்கும் தெரிந்துவிட்டது: ரோபோ கோட்டைவிட்டுவிட்டது!

காதுக்கு வெளியே மாட்டும் கருவியை ஒரு மாதம் கழித்துத்தான் இயக்குவார்கள், அதுவரை ஒன்றும் கேட்காது என்பது அக்காவுக்கு எப்படித் தெரியும்? துக்கம் விசாரிக்கப் படியேறி வந்த கூட்டத்தைப் பார்த்த அம்மா, "இனிமே இங்க வராதீங்க" என்று மூன்றே வார்த்தையில் அக்காவின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

அக்கா ஆடிப்போனாள். அவளுக்கு முன்னால் எத்தனையோ கதவுகள் சாத்தப்பட்டிருக்கின்றன. ஆனால் அவளைக் கண்டதும் கையை நீட்டிக்கொண்டு ஓடிவரும் குழந்தை இந்த ஒரு கதவுக்குப் பின்னால்தான் இருந்தது.

ஐந்தாவது வாரம் அம்மாவே வந்து அக்காவின் கதவைத் தட்டினாள்.

"கருவியை ஆன் பண்ணிட்டாங்கக்கா. கேக்குது. ஆனா காது கேட்டா மட்டும் போதாதாம். நாள் பூரா யாராவது அவகிட்ட பேசிக்கிட்டே இருந்தாத்தான் பேச்சு வருமாம். எங்க வீட்டுல…"

எதிர்வீட்டுக்குள் குட்டியின் அப்பா, கடிகாரம் பழுதுபார்ப்பவர், ஒற்றைக் கண்ணில் லென்ஸோடு தலை குனிந்திருந்தார். அந்த வீட்டில் பேசுவது சுவர்க் கடிகாரம் மட்டும்தான்.

"அதான் நான் இருக்கேன்ல!" என்றாள் அக்கா.

"ஒரே ஒரு கண்டிஷன்க்கா. ஊர்வம்பு வேண்டாம். மனசுல பதியற வயசு."

"சேச்சே! காக்கா, நரி, முயல். வேற பேச்சே கிடையாது. சத்தியமா!"

அன்று முதல் அம்மா வேலைக்குப் போனதும் அக்கா ஆஜராகிவிடுவாள். உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு என்ன ரகசியம் என்று யாராவது கேட்டால், "நரி வருதுல்ல, அதான் மெதுவா பேசுறோம்" என்பாள்.

பத்து மாதம் ஓடியது. கூப்பிட்டால் குட்டி திரும்பினாள், சிரித்தாள். வாயிலிருந்து மட்டும் ஒரு சொல்லும் உதிரவில்லை. மறு பரிசோதனைக்கு அக்காவும் கூடவே போனாள்.

பேச்சுப் பயிற்சி தருபவர் ஒரு படத்தை நீட்டினார். "நரி பாரு! நரி என்ன சொல்லும், குட்டி?"

அக்கா திடீரென்று கூரையில் சுற்றும் மின்விசிறியை உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்கினாள்.

அப்படியொரு பிராணியைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதுபோல் குட்டி நரியைப் பார்த்தாள். பிறகு, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பயிற்சியாளரின் காதருகே எக்கி, தன் வாழ்க்கையின் முதல் வாக்கியத்தைச் சொன்னாள்:

"யார்கிட்டயும் சொல்லாதே!"