நின்ற காத்தாடி

மூன்றாவது காத்தாடி நின்றுவிட்டது.

மொட்டைமாடியில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே அவள் பார்த்தாள். காற்றாலையின் இறக்கை நின்றால் அவள் புருஷன் பழுது பார்க்க மேலே ஏறிவிட்டான் என்று அர்த்தம். மறுபடி சுற்றினால் இறங்கிவிட்டான். கல்யாணமாகி ஆரல்வாய்மொழிக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு அதுதான் கடிகாரம்.

இன்று அவன் ஏறியிருக்கவே கூடாது.

அவனுக்குத் தலை சுற்றியபோது, காதுக்குள்ளே புரதத்தால் ஆன மடைகள் இருக்கின்றன என்றார் டாக்டர். கண்ணுக்குத் தெரியாத மடைகள். உள்ளே இருக்கிற நீரை அளவாக வைத்திருப்பது அவைதான். அந்த அளவு தப்பினால் முதலில் காது அடைக்கும். பிறகு உலகமே சுற்றும். உப்பைக் குறைக்க வேண்டும், உயரத்தில் ஏறவே கூடாது.

உப்பை விட்டான். உயரத்தை விடவில்லை. கம்பெனியில் மூச்சுகூட விடவில்லை.

அவள் கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள்.

"ஊர்க்குளத்து மடையே அடைஞ்சு கெடக்கு. என் காதுல உள்ளது எம்மாத்திரம்?" என்று சிரித்தான்.

அதனால்தான் நேற்று இரவு குழம்பில் பழையபடி உப்புப் போட்டாள். அதற்கு மேலும் கொஞ்சம் போட்டாள். காலையில் தலை சுற்றிப் படுத்துக்கிடப்பான், ஏற மாட்டான். அவ்வளவுதான் அவள் நினைத்தது.

"என்னட்டி, இன்னைக்கு ருசியா இருக்கு?"

"எலுமிச்சை பிழிஞ்சேன்."

பாவி மனுஷன், இரண்டாம் முறையும் வாங்கி வழித்துச் சாப்பிட்டான்.

காலையில் அவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. விசிலடித்துக்கொண்டு பைக்கை எடுத்தான்.

துணியெல்லாம் பிழிந்து முடிக்கும்போது மாடியில் போன் அடித்தது.

"காது லேசா அடைக்கு. பயப்படாத. ரெண்டு வாரமா உப்பே தொடலல்லா, இது வெறும் காத்தடைப்புதான். வேலை முடிஞ்சிட்டு. ஏணில இறங்குதேன்."

முந்நூறு படி. இறங்கும்போது இடுப்புக் கொக்கியை மாட்ட மாட்டான், மாட்டினால் நேரமாகுமாம்.

"இறங்காதீங்க! மேலயே உக்காருங்க. உப்பு போட்டேன். நேத்து நாந்தான் உப்பு போட்டேன்."

போனில் காற்று இரைந்தது.

பிறகு அதுவும் இல்லை.

திரும்ப அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எதுவரைக்கும் கேட்டானோ, கேட்கவே இல்லையோ.

இறங்க அவனுக்குக் கால் மணி நேரம் போதும்.

அவள் துணிகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டாள். மலையடிவாரம் முழுக்கக் காத்தாடிகள் பேய்போல் சுற்றிக்கொண்டிருந்தன.

துணிகள் காய்ந்துவிட்டன.

மூன்றாவது இன்னும் சுற்றவில்லை.