ஒதிலியா கேட்ட பெட்டி

சாலினாஸ் ஊர்த் தேவாலயக் கூடத்தில் பெண்களுக்கான பாலியல் நல வகுப்பு முடிந்ததும், ஒதிலியா வழக்கம்போல ஆணுறைப் பெட்டி ஒன்றைக் கேட்டாள்.

"வாராவாரம் ஒரு பெட்டியா? யாரும்மா அந்த மகராசன்?" என்று மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

ஆசிரியை மரிசேலாவுக்குக் குழப்பம். ஒதிலியாவுக்கு அறுபத்திரண்டு வயது. கணவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. மற்றவர்கள் போனபின் மரிசேலா அவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா, இவ்வளவும் உங்களுக்கு எதுக்கு?"

"எனக்கா? நல்லா கேட்ட போ! வயல்ல லெட்டூஸ் கீரை அறுக்குற பொண்ணுங்கள இங்க வர புருஷன்மாரு விடறதில்ல. ஆனா நான் அங்க கொண்டுபோய் விக்கிற தமாலே, அதான் அந்தச் சோளமாவுக் கொழுக்கட்டை, அத வாங்கிச் சாப்பிடறத யாரும் தடுக்கறதில்ல. பொட்டலத்துக்கு அடியில ரெண்டு வெச்சுக் குடுத்து, நீ சொன்னதையும் காதுல போட்டுடுவேன்."

மரிசேலா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவங்க என்னெல்லாம் கேக்குறாங்க? சொல்லுங்க."